நிலவரி ரசீது நிலப்பட்டா ஆகாது

ஒவ்வோர் ஆண்டும் மே 31 நெருங்கும்போது நில அலுவலகங்களில் கூட்டம் கூடுகிறது. நிலவரி கட்டுவதற்கான கடைசி நாள் அது. பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நகராண்மைக் கழகங்களின் முகப்புகளில் இதே காட்சியைக் காணலாம். அங்கே கட்டுவது மதிப்பீட்டு வரி. பெரியவர்கள் பணத்தைக் கட்டுகிறார்கள். ரசீதைப் பழைய பிஸ்கட் டின்னிலோ கோப்பிலோ போட்டு வைக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வீட்டிலுள்ள இளையோர் எடுத்துப் பார்ப்பது அரிது.

நான் ஒரு கல்லூரியில் வணிகச் சட்டம் கற்பிக்கிறேன். நிலச் சட்டப் பாடம் தொடங்கும்போது மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது வழக்கம். வீட்டிலுள்ள வரி பில்களையும், இருந்தால் பட்டாவின் நகலையும் படித்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வர வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது? அது நிரந்தர உரிமையா, குத்தகையா? எந்தப் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட நிலம்? முதல் கேள்வியிலேயே பலர் தடுமாறுவார்கள். “தாத்தா பெயரில்தான் பில் வருகிறது சார், ஆனால் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்” என்று சொல்பவர் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து பெரும்பாலும் அதன் வீடுதான். கோயில், தமிழ்ப்பள்ளி, தோட்டக் குடியிருப்பு என்று நம் சமூகத்தில் எழும் பல சர்ச்சைகளின் வேரும் நிலப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அதைக் குறைப்பது மாணவர்களால் முடியும் என்பது என் எண்ணம்.

இரண்டு வரி, இரண்டு அலுவலகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிலவரியும் மதிப்பீட்டு வரியும் ஒன்றல்ல.

மலாயில் சுக்காய் தானா எனப்படும் நிலவரி, நிலத்துக்காக மாநில அரசுக்குக் கட்டுவது. அதை வசூலிப்பது நில அலுவலகம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதனால்தான் நிலவரி விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆனால் தீபகற்ப மலேசியா முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. அது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சபாவும் சரவாக்கும் தத்தம் நிலச் சட்டங்களைப் பின்பற்றுகின்றன.

சுக்காய் பிந்து என்று நம் வீடுகளில் சொல்லப்படும் மதிப்பீட்டு வரி, கட்டடமும் சேர்ந்த சொத்துக்காக ஊராட்சி மன்றத்துக்குக் கட்டுவது. குப்பை அகற்றுவது, தெருவிளக்கு, கால்வாய் போன்ற சேவைகளுக்கு இந்தப் பணம் பயன்படுகிறது. இதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சொல் தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் முழு அடுக்குமாடிக்கும் சேர்த்து ஒரே நிலவரி பில் வரும். நிர்வாகம் அதைப் பிரித்து வசூலிக்கும். இப்போது பல மாநிலங்களில் ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் தனித்தனியே பில் வருகிறது. இதற்குப் பெயர் சுக்காய் பெத்தாக். கோலாலம்பூரில் இது 2020இல் தொடங்கியது.

இரண்டு வரிகளில் எதைக் கட்டாமல் விட்டாலும் தொல்லைதான், ஆனால் தொல்லையின் அளவு வேறு. மதிப்பீட்டு வரி பாக்கி இருந்தால் ஊராட்சி மன்றம் நோட்டீஸ் அனுப்பி, அதன் பிறகும் கட்டாவிட்டால் வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்றலாம். நிலவரி பாக்கி இருந்தால் நிலமே போகலாம். நில நிர்வாகி படிவம் 6ஏ என்ற நோட்டீஸை அனுப்புவார். அதன்பின் மூன்று மாதத்துக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்கே திரும்பிவிடும் நிலை வரலாம். சில நூறு வெள்ளி பாக்கிக்காகச் சில லட்சம் வெள்ளி நிலத்தை இழக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்த நோட்டீஸ் போகும் இடம் பதிவேட்டிலுள்ள முகவரி. குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். நேரில் சேர்க்க முடியாதபோது நிலத்திலோ பொது இடத்திலோ ஒட்டுவது போன்ற மாற்று வழிகளையும் சட்டம் அனுமதிக்கிறது. கடிதம் கைக்கு வரவே இல்லை என்று பிறகு சொல்வது எப்போதும் எடுபடாது.

பதிவேடே எல்லாம்

நம் நாட்டில் நில உரிமை டொரன்ஸ் முறைப்படி பதிவாகிறது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டொரன்ஸ் கொண்டுவந்த முறை இது. இதன் சாரம் எளிமையானது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வாங்குபவர் பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

இதன் மறுபக்கத்தைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அங்கே எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் உரிமை வராது. தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் உரிமை பிறக்காது என்கிறது. 341ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கும் அதையே சொல்கிறது. சில நாடுகளில் பல ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவருக்கு நிலம் சொந்தமாகும் சட்டம் உண்டு. இங்கே அது இல்லை. வரி கட்டியதும் அப்படித்தான். முப்பது ஆண்டு ரசீதுகளை அடுக்கி வைத்தாலும் அவை வரி கட்டியதற்குச் சான்று. உரிமைக்குச் சான்று ஆகா.

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம்” என்பது உணர்வுப்பூர்வமான வாதம். அதற்கு அரசியலிலும் மனிதாபிமானத்திலும் மதிப்பு இருக்கிறது. நில அலுவலகத்தின் முகப்பில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு.

2025இல் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பகுதியிலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் குறித்து எழுந்த சர்ச்சையை நினைத்துப் பாருங்கள். ஆலயம் நூறாண்டுக்கும் மேற்பட்டது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. விஷயம் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தபோது விற்பனை நடந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அருகிலேயே வேறிடம் என்ற தீர்வு வந்தது. யார் சரி, யார் தவறு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சட்டத்தின் கண்ணில் முதல் கேள்வி பதிவேட்டில் யார் பெயர் என்பதே.

தமிழ்ப்பள்ளிகளிலும் இதே கதை. முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்ற பிரிவைக் கேட்டிருப்பீர்கள். அந்த வேறுபாட்டின் மையத்தில் இருப்பது நிலம். பள்ளி நிற்கும் நிலம் அரசுடையதா, தோட்ட நிறுவனம் போன்ற தனியாருடையதா என்பதைப் பொறுத்தே அரசு எதைக் கட்டித் தரலாம் என்பது அமைகிறது. உங்கள் பழைய பள்ளியின் நிலம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?

பதிவேட்டை யார் பார்க்கலாம்?

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை வகுப்பில் சொன்னதும் மாணவர்கள் வியப்பார்கள். தேசிய நிலச் சட்டம் இரண்டு வகைத் தேடலுக்கு இடமளிக்கிறது. ஒன்று தனியார் தேடல், மலாயில் சாரியான் பெர்செண்டிரியான். இன்னொன்று அதிகாரப்பூர்வத் தேடல், அதாவது சாரியான் ரஸ்மி. பின்னதில் பதிவாளரின் சான்றிதழ் கிடைக்கும். நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ அது தேவைப்படலாம். நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள முன்னதே போதும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் இணையம் வழியாகவும் தேடலாம்.

பொதுவாக ஆள் பெயரைச் சொல்லித் தேட முடியாது. நிலத்தின் விவரம் கையில் இருக்க வேண்டும். பட்டாவின் வகையும் எண்ணும், லாட் எண், முக்கிம் அல்லது பட்டணம், மாவட்டம் ஆகியவை தேவை. இவை பெரும்பாலும் நிலவரி பில்லிலேயே அச்சாகியிருக்கும். பிஸ்கட் டின்னில் கிடக்கும் அந்தப் பழைய பில்தான் பதிவேட்டுக்கான சாவி.

தேடல் முடிவு கையில் வந்ததும் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

பட்டாவின் வகை: கெரான், கெரான் முக்கிம் என்றால் பெரும்பாலும் நிரந்தர உரிமை. பஜாக்கான் என்றால் குத்தகை. அது முடியும் தேதி குறிக்கப்பட்டிருக்கும். குத்தகை 99 ஆண்டுகளுக்கு மேல் போகாது. எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் இறுதி அளவைப் பணி முடியாத நிலையில் கொடுக்கப்பட்ட தற்காலிகப் பட்டா.

பயன்பாட்டு வகை: விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்று உண்டு. விவசாய நிலத்தில் கடை கட்டினால் நிபந்தனை மீறல் ஆகும். அதுவும் நிலம் பறிபோகக் காரணமாகலாம்.

உரிமைக் கட்டுப்பாடு: மலாயில் செக்காத்தான் கெபெந்திங்கான். மாநில அரசின் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பது போன்ற வாசகம் இங்கே இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதும் தெரியும்.

உரிமையாளர்: பெயர், அடையாள அட்டை எண், எத்தனை பங்கு. அண்ணன் தம்பி இருவர் பெயரில் பாதிப் பாதி என்று நினைத்திருப்போம். பதிவேடு வேறு சொல்லலாம்.

சுமைகள்: வங்கி அடமானம் உண்டா, காவேட் எனப்படும் தடைக்குறிப்பு உண்டா என்பது. தனியார் காவேட் ஆறு ஆண்டுகள் நிலைக்கும். அது இருக்கும்வரை நிலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது பொதுவாக நின்றுவிடும்.

வீடு வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு தாளைப் பார்த்தால் பல மோசடிகளில் சிக்காமல் தப்பலாம். முகவரின் வாய்மொழியைவிட இது மலிவு, நம்பகமும் அதிகம்.

பதிவேடே பொய் சொன்னால்?

பதிவேடே எல்லாம் என்றால், மோசடிக்காரன் பதிவேட்டையே மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் கூட்டரசு நீதிமன்றம் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு மாறுபட்ட பதில்களைச் சொன்னது.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்து நாட்டவரான பூன்சோம் பூன்யானிட் என்ற பெண்மணிக்கு நிலம் இருந்தது. வேறொரு பெண் தன்னை அவராகக் காட்டி, ஆவணங்களைப் போலியாகத் தயாரித்து அதை அடோர்னா புரோபர்ட்டிஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். வாங்கிய நிறுவனம் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்து வாங்கியதால் நிலம் அதற்கே என்று 2000இல் தீர்ப்பு வந்தது. எந்தத் தவறும் செய்யாத உரிமையாளர் நிலத்தை இழந்தார். சட்ட வட்டாரங்களில் இத்தீர்ப்பு கடும் விமர்சனத்துக்கு ஆளானது.

2010இல் குவாந்தானைச் சேர்ந்த ஒரு நிலம் பற்றிய தான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு பிழையென்று சொன்னது. அந்த வழக்கில் போலி அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு நிலம் வங்கியில் அடமானம் வைக்கப்பட்டிருந்தது. வங்கியின் கோரிக்கைக் கடிதம் வந்தபோதுதான் உரிமையாளருக்கு விஷயம் தெரிந்தது. போலி ஆவணத்தின் வழி நேரடியாக உரிமை பெற்றவர், நல்லெண்ணத்துடன் பெற்றிருந்தாலும், அதை வைத்துக்கொள்ள முடியாது என்பது இன்றைய நிலை.

இதனால் நிம்மதியாகத் தூங்கலாமா? முழுமையாக முடியாது. போலி ஆவணத்தில் வாங்கியவர் அந்த நிலத்தை இன்னொருவருக்கு விற்று, அந்த மூன்றாமவர் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்து வாங்கியிருந்தால், 340ஆவது பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. மோசடியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நிலம் உங்களுக்கு. தாமதமானால் அது வேறொருவருக்குப் போய்ச் சேரலாம். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இறந்தவர் பெயரில் நிலம்

என் மாணவர்களின் ‘தாத்தா பெயர்’ பிரச்சினைக்கு வருவோம். ஒருவர் இறந்ததும் பதிவேடு தானாக மாறுவதில்லை. வாரிசுகள் விண்ணப்பிக்க வேண்டும். உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கப்படும். மனைவியும் பிள்ளைகளும் இருந்து, பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால்.

ஒரு கணக்குப் போடுவோம். தாத்தாவுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். பாட்டிக்கு மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பதில் இரண்டு. யாரும் பெயர் மாற்றவில்லை. பிறகு பாட்டி இறக்கிறார், பிள்ளைகளில் ஒருவர் இறக்கிறார், அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும். இப்போது கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல். ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் நான்கு பேர் விஷயம் ஏழு பேர் விஷயமாகிறது. இரண்டு தலைமுறை தள்ளிப்போட்டால் எண்ணிப் பாருங்கள்.

உயில் இல்லாத, நிலமோ வீடோ அடங்கிய சிறு சொத்துகளுக்கு நில நிர்வாகியிடமே விண்ணப்பிக்கலாம்; உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அதற்கான உச்ச வரம்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்தது. 2024இல் 50 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. சாதாரணக் குடும்பங்களின் வீடுகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

வரி உயர்ந்தால் கேள்வி கேட்கலாம்

மதிப்பீட்டு வரியின் கணக்கு பலருக்குப் புதிராக இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அடிப்படை, வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை. ஜொகூர் மட்டும் சொத்தின் விலை மதிப்பை அடிப்படையாகக் கொள்கிறது. மாத வாடகை 1,000 வெள்ளி என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 4 விழுக்காடு என்றால் ஆண்டு வரி 480 வெள்ளி, அரையாண்டுக்கு 240.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சட்டம் சொல்கிறது. மாநில அரசு காலத்தை நீட்டிக்கலாம். நீட்டித்து நீட்டித்து ஒரே நாளில் உயர்த்தும்போதுதான் கொந்தளிப்பு வருகிறது. கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 2013 இறுதியில் புதிய மதிப்பீடு வந்தபோது ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. சிலாங்கூரில் 2025 உயர்வுக்கு 25 விழுக்காடு உச்ச வரம்பு என மாநில அரசு அறிவித்தது.

ஆட்சேபிப்பது சட்டம் தந்த உரிமை. பட்டியலை உரிமையாளர் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்கலாம், முடிவு திருப்தியில்லை என்றால் உயர்நீதிமன்றம் வரை போகலாம். “வரி அதிகம்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அதே தெருவில், அதே அளவில் உள்ள வீட்டுக்கு என்ன மதிப்பு, உண்மையில் அங்கே வாடகை என்ன என்று காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அங்கே கவுண்டி எனப்படும் வட்டார நிர்வாகங்கள் சொத்து மதிப்பீட்டைக் கவனிக்கின்றன. பல கவுண்டிகளில் எந்த வீட்டின் மதிப்பையும் வரியையும் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில், அத்தகைய பதிவுகளைப் பெருமளவில் திரட்டி ஆராய்ந்த சிகாகோ டிரிபியூன் நாளிதழ் 2017இல் ஓர் உண்மையை வெளியிட்டது. விலை குறைந்த வீடுகள் அளவுக்கு மீறியும் விலை உயர்ந்த வீடுகள் குறைத்தும் மதிப்பிடப்பட்டிருந்தன. ஏழைகள் தங்கள் பங்குக்கு மேல் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு நடந்த கட்சித் தேர்தலில் பதவியிலிருந்த மதிப்பீட்டாளர் தோற்றார்.

அதே சோதனையை நம் நகரங்களில் ஒரு மாணவர் செய்ய முடியுமா? கடினம். நம் பட்டியல்கள் உரிமையாளர் தன் வீட்டைச் சரிபார்க்க உதவுகின்றன. ஒரு நகரம் முழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக வெளியிடப்படுவதில்லை. தனிமனித ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது நியாயமான வாதம். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டு மதிப்பையும் வரியையும் மட்டும் வெளியிட்டால் அந்தக் கவலை பெருமளவு தீரும். மதிப்பீடு நியாயமானது என்று சொல்லும் மன்றங்கள் அதைக் காட்டத் தயங்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் இந்த விடுமுறையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டிலுள்ள பட்டா, நிலவரி பில், மதிப்பீட்டு வரி பில் மூன்றையும் அருகருகே வைத்து, பெயரும் லாட் எண்ணும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முகவரி மாறியிருந்தால் இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியே தெரிவியுங்கள். ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீடு வாங்கினாலோ விற்றாலோ மூன்று மாதத்துக்குள் ஊராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள். ஒரு தனியார் தேடல் எடுத்து அதன் நகலைக் கோப்பில் சேருங்கள். தாத்தா பெயரில் நிலம் இருந்தால், மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் பட்டியலையும் தயார் செய்து நில அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குடும்ப வேலை முடிந்தால் பொதுவேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்திடமும் பழைய தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த நிலத்தின் பதிவேட்டைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பல இடங்களில் பதில் இருக்காது. அப்படியானால் தேடலுக்கான படிவத்தை நிரப்ப நீங்களே முன்வாருங்கள். எஸ்பிஎம் மலாய்மொழி படித்த எந்த மாணவருக்கும் அது கடினமான வேலை இல்லை.